பத்தரை அங்குலம்

ஊர்காவற்றுறை, நீக்கிலாப்பிள்ளை வளவு.
அளந்து வரச்சொல்லி அனுப்பினார்கள்.
படிவத்தில் பதினாறு கட்டம்.
முதல் கட்டத்திலேயே பென்சில் நின்றுவிட்டது.

ஒரு படி பத்தரை அங்குலம்.
அடுத்ததும் பத்தரை.
இருபுறமும் வளைந்தேறி மேலே கைகோர்க்கும்
லாட வடிவப் படிக்கட்டு,
முருகைக்கல், முட்டைவெள்ளை கலந்த சாந்து,
மயிரிழை வெடிப்பில்லை.
இவ்வளவு தெரிந்த கைக்குப்
படியின் உயரம் தெரியாமலா போகும்?
முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.
கைப்பிடிச் சுவர் என் நாடிவரை.
எஞ்சிய ஒற்றைக் கதவில்
திறப்புத் துவாரம் நெற்றிக்கு நேரே.

மூன்று வத்தையும் இரண்டு புகையிலைக் கிட்டங்கியும்
நீக்கிலாப்பிள்ளைக்குச் சொந்தம்.
ஏசண்டுத் துரையின் பங்களாவைவிடப் பெரிதாக
ஒரு வீடு வேண்டும்,
இங்கிலீசுக்காரனுடைய மாதிரியும் வேண்டாம்.
பங்குச் சுவாமியோ பிரெஞ்சுக்காரர்.
ஊர் வைத்த பெயர் தாடிச் சுவாமி.
யாரோ ஒரு பிரபுவின் கடைசி மகன்:
காணி மூத்தவனுக்கு, வாள் நடுவிலானுக்கு,
எஞ்சியவன் தேவனுக்கு.
'நீங்கள் பிறந்த வீட்டைக் கீறித் தாருங்கோ.'
மூன்று நாள் மறுத்தார்.
நாலாம் நாள் கோயில் கணக்குக் கொப்பியின்
பின்பக்கத்தில் கீறினார்.
படியில் ஒரு ஆளையும் நிறுத்தினார், அளவுக்கு.
மேசன் அந்த ஆளை
ஐந்தரை அடி என்று எடுத்துக்கொண்டான்.

கூரைதான் ஓடாவி மனுவேலுக்குப் பிடிபடவில்லை.
ஏன் இவ்வளவு சரிவு?
பனி வழுக்கி விழ, என்றார் சுவாமி.
மார்கழிப் பனி புல்லைக்கூட வளைக்காதே, என்றான் மனுவேல்.
அதற்கு மேல் சுவாமியிடம் தமிழ் இருக்கவில்லை.
மனுவேல் தனக்குத் தெரிந்ததைச் செய்தான்,
ஒரு வத்தையைக் கட்டிக் கவிழ்த்து வைத்தான்.
அறுபத்துநாலுப் புயலில்
அயல் ஓடெல்லாம் பறக்க
அது மட்டும் நங்கூரமிட்டு நின்றது.

கல் சுமந்தவர்களின் பெயர் கொப்பியில் இல்லை.
'ஆள் பதினொன்று' என்று இருக்கிறது.
கட்டி முடித்த பிறகு
அந்தப் பதினொருவரும் அந்தப் படியில் ஏறியதில்லை.
கூலிக்குக் கீழே நின்றார்கள், வெயிலில்.

நாலு கணப்படுப்பு, இந்த வெக்கையில்.
நூறு வருசம் பூனைதான் குட்டி போட்டது.
பிறகு முகாம் வந்தது.
தேக்கங்கதவுகளை உடைத்துச் சோறு காய்ச்சியிருக்கிறார்கள்.
கரியை விரலால் தொட்டுப் பார்த்து எழுதினேன்:
'புகைபோக்கி நன்றாக வேலை செய்துள்ளது.'

காணிக்கு இப்போது பதின்மூன்று உரித்தாளர்.
தெக்கிலா ஒருத்திதான் பதில் போட்டாள்.
பிரான்சில், லுவார் ஆற்றுப் பக்கம்,
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
நான் அனுப்பிய கொப்பிப் படத்தில்
ஓர் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி எடுத்து
ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறாள்.
அந்த வீடு இப்போது கலியாணங்களுக்கு வாடகைக்கு.
கதவு பூட்டு. படிக்கட்டு பூட்டில்லையே.
தையல் நாடாவைப் பிடித்தபடி அவள் கை, படத்தில்:
ஆறரை அங்குலம்.
பின்னால் குரல்பதிவு, காற்று இரைய இரைய:
'கைப்பிடி என்ர இடுப்புக்குத்தான் வருது, அக்கா.
பெரிய மாளிகை எண்டு இல்லை.'

ஆயர் இல்லப் பதிவேட்டில் சுவாமிக்கு மூன்று வரி.
தாய் இறக்க, ஐந்து வயதில்
மாமி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.
அந்த வீட்டுக்குத் திரும்பியதாக எழுதியில்லை.

கொப்பியை மறுபடி விரித்தேன்.
படியில் நிற்கும் அந்த ஆளுக்கு
முகம் கீறப்படவில்லை.
ஒரு கை மட்டும் மேலே நீட்டியிருக்கிறது,
கைப்பிடிக்கோ, யாருடைய விரலுக்கோ.

'குறைபாட்டின் காரணம்' என்ற கட்டத்தில்
'அளவுப் பிழை' என்று எழுதி
வெட்டிவிட்டேன்.

இறங்கும்போது
ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.
கேற்றடியில் ஓட்டோக்காரர்
பார்க்காத மாதிரி நின்றார்.